தொப்பிக்காரர் போன பக்கம்

1

இந்தக் கதை பிறந்தது மலையில் அல்ல, எங்கள் வீட்டுச் சமையலறையில். என் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். எந்தச் சம்பந்தமும் இல்லாமல், "அந்தத் தொப்பிக்காரர் இடது பக்கம்தான் போனார்" என்றேன்.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "வலது பக்கம்."

நாங்கள் அந்த மலையிலிருந்து இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. இதே பேச்சை எத்தனை முறை பேசியிருப்போம் என்று சொல்ல முடியாது. பல் துலக்கும்போது பேசியிருக்கிறோம். ஒரு முறை திருமண வரவேற்பில், மேடையேற வரிசையில் நின்றபடி பேசியிருக்கிறோம்.

"எழுதிப் பார்த்துடுறேன். எழுதினா தெளிஞ்சிடும்" என்றேன்.

"எழுதினா உங்களுக்குத் தெளியும். நடந்தது தெளியுமா?"

சரியான கேள்விதான். இருந்தாலும் உட்கார்ந்தேன்.

மலையுச்சியில், மேகங்களுக்குச் சற்றுக் கீழே, நீல நிறத்தில் ஓர் ஏரி

(நிறுத்திவிட்டேன். பச்சை என்கிறாள்.)

தொப்பி அணிந்த அந்த மனிதர் எங்களிடம் விடைபெற்று, ஏரியின் இடக்கரையில் பலகைப் பாதை வழியாக

(இதை எழுதும்போது பின்னால் வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் நிற்பது எப்படிப்பட்டது என்று திருமணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.)

ஏரிக்கரையில் ஒரு மனிதர் காணாமல் போனார்.

இதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே இங்கிருந்து தொடங்குகிறேன்.

2

தொடங்குவதற்கு முன் நாங்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

நான் வீட்டுச் சாதனங்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுபவன். "இடப்பக்கக் குமிழை வலப்பக்கம் திருப்பவும்" என்ற வாக்கியத்தைப் படித்து நீங்கள் எப்போதாவது எரிச்சலடைந்திருந்தால், அது என்னுடையதாக இருக்கலாம். என் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம் "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்கும் வேலை.

[ஒரு கதாசிரியன் இப்படி இரண்டு தொழிலைத் தேடிப்பிடித்து ஒரே வீட்டில் வைத்தால் வாசகர் முகம் சுளிப்பார். நான் தேடவில்லை. கல்யாணம் இப்படி அமைந்துவிட்டது.]

அவள் கடையை வண்ணம் பூசுவதற்காக ஒரு வாரம் மூடினார்கள். அதனால் கிளம்பினோம். மலை ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அதன் வாசல்வரைதான் பேருந்து போகும். அதற்கு மேல் அரை நாள் நடை. நடையின் முடிவில் காவலர்கள் தங்கும் ஒரு மரவீடும், வருபவர்கள் படுக்க இரண்டு அறைகளும் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு மேட்டை ஏறி இறங்கினால் ஏரி.

பாதி வழியில் தூறல் போட்டது. அப்போதுதான் தெரிந்தது, மழைச்சட்டை இரண்டையும் நான் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அவள் திட்டவில்லை. "பரவாயில்ல" என்றாள். அதன்பிறகு மலை முழுக்க எங்களுக்குள் பேச்சில்லை.

3

ஏரியைப் பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டும். வாசகர் எதிர்பார்ப்பார். பல முறை முயன்றேன். எழுதியதெல்லாம் நாட்காட்டிக்குக் கீழே அச்சடித்த வாசகம் போல வந்தது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மரங்கள் கீழேயே நின்றுவிட்டிருந்தன. மேலே புல்லும் பாறையும் மட்டும்தான். காதுக்குள் நம் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்டது. தண்ணீருக்குள் சிகரங்கள் தலைகீழாக நின்றன. அவள் ஒரு கல்லை எறிந்தாள். சிகரம் உடைந்து, நெளிந்து, மெதுவாகத் தன்னைச் சேர்த்துக்கொண்டது. அதைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு.

அப்போதுதான் அவர் வந்தார். எங்களைவிடப் பத்து வயது கூட இருக்கும். முதுகில் சின்னப் பை, நல்ல காலணி, ஆனால் அலுவலகத்துக்குப் போடுகிற கால்சட்டை. தலையில் தொப்பி.

* தொப்பியின் நிறத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அதிலும் தகராறு.

"சார், ஒரு படம் எடுத்துக் குடுக்க முடியுமா?" என்று தன் கைபேசியை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பக்கத்துல வாங்க, முகம் தெரியல" என்றேன்.

"முகம் வேணாம் சார். ஏரி முழுசா வரணும். நான் சின்னதா எங்கயாவது இருந்தா போதும்."

எடுத்துக் கொடுத்தேன். பார்த்தார். திருப்தி என்று தலையாட்டினார். ஏரியைச் சுற்றி வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அதை அங்கேயே ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏரியைப் பார்த்து நின்றால் இடக்கரையில் மரப்பலகை பதித்த பாதை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, நடுவே உட்கார பெஞ்சுகூட உண்டு. வலக்கரையில் பாறைச் சரிவு. அதன் தொடக்கத்தில் ஒரு கயிறு குறுக்கே கட்டி, இதற்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருக்கும். கயிற்றுக்கு அப்பால் சரிவு நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. இரண்டு கரைகளும் மறுகோடியில், ஓடை வந்து கலக்கும் இடத்தில் சந்திக்கின்றன.

"வரேன் சார்" என்று விடைபெற்றார். நான் என் பையை மூடினேன். நிமிர்ந்தபோது அந்தத் தொப்பி பலகைப் பாதையில் போய்க்கொண்டிருந்தது. பார்த்தேன்.

என் மனைவி ஒரு பாறையில் உட்கார்ந்து காலணிக்குள் போயிருந்த கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அந்தத் தொப்பி கயிற்றுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. பார்த்தாள்.

(வேறொரு தொப்பிக்காரர் இருந்திருக்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். அன்று மேலே வந்தவர்கள் நாங்கள் மூவர் மட்டும்தான் என்று காவலர்கள் சொன்னார்கள்.)

4

மாலையில் மூடுபனி இறங்கியது. மரவீட்டுக்குத் திரும்பி, ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தோம். தலைமைக் காவலர் உள்ளே வந்தார். என் வயதுப் பெண்மணி, எதிர்க்காற்றில் பேசிப் பழகிய குரல். அவருக்குக் கீழே இளைஞர்கள் இரண்டு பேர்.

"பக்கத்து அறைக்காரர் இன்னும் வரல. நீங்க பார்த்தீங்களா?"

பார்த்தோம் என்றோம்.

"எந்தப் பக்கம் போனார்?"

"இடது" என்றேன். "வலது" என்றாள். ஒரே நேரத்தில்.

தலைமைக் காவலர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏரி அந்தத் திசையில இருக்குன்னு வெச்சுக்குங்க. கையைக் காட்டுங்க."

காட்டினோம். என் கை சன்னலைக் காட்டியது. அவள் கை கதவைக் காட்டியது.

அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க பாருங்க, எதுக்குக் கேக்குறேன்னா, பலகைப் பாதைன்னா பயமில்ல. விளக்கை எடுத்துட்டு எப்ப வேணாலும் போகலாம். கயிறு கட்டின பக்கம்னா இருட்டுறதுக்குள்ள போய்த் திரும்பணும். இல்லன்னா அப்புறம் என் ஆளுங்களைத் தேட ஆள் வேணும். அவர் அங்க போகவே இல்லன்னா, இந்தப் பனியில இந்தப் பசங்களை நான் எதுக்கு அனுப்பணும்? அதனால நல்லா யோசிச்சு சொல்லுங்க."

யோசித்தோம். அடுப்பில் விறகு வெடித்தது.

பிறகு என் மனைவி சொன்னாள்: "சரி, இவர் சொல்றதே இருக்கட்டும்."

இந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. சோபாவின் நிறம், மகன் சேர்ந்த கல்லூரி, எந்த உறவினர் வீட்டுக்கு முதலில் போவது, எல்லாவற்றுக்கும் கடைசியில் இதுதான் வரும். இருபது வருடமாக இதைச் சமாதானம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே, ஒரு மனிதர் பனிக்குள் எங்கோ இருக்கும்போது கேட்டதும், முதல் முறையாக அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"வேணாம்மா" என்றேன் காவலரிடம். "அவ எனக்காக விட்டுக்குடுக்குறா. அவ பார்த்தது வலது பக்கம். நான் சொல்றதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்கப் போவதில்லை. கையேடு எழுதுகிறவனால் ஆகிற காரியமல்ல அது.

"நல்லா இருக்கு" என்று தலைமைக் காவலர் எழுந்தார். "ரெண்டு பேரும் அடம்பிடிச்சாலாவது ஒருத்தரைத் தள்ளிவிடலாம். இப்படி விட்டுக்குடுத்தா நான் என்ன பண்றது?" மழைச்சட்டையை மாட்டிக்கொண்டே இளைஞர்களிடம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் பலகைப் பாதை. கயிறு பக்கம் நான் போறேன்."

"தனியாப் போகக் கூடாதுங்களே" என்றான் ஒருவன்.

"கூடாதுதான்."

"நானும் வரேன்" என்று என் மனைவி எழுந்தாள். "நான்தானே பார்த்தேன்."

"நீங்க வந்தா உங்களையும் நான்தான் பார்த்துக்கணும். வெளியில மணி இருக்கு பாருங்க, அதை அடிச்சுட்டே இருங்க. பனிக்குள்ள கண்ணு வேலைக்கு ஆகாது, காதுதான்."

அடித்தோம். அவள் கை வலித்தால் நான், என் கை வலித்தால் அவள். மணிக்கயிறு ஈரமாகிக் கை மரத்தது. மணிக்கும் எங்களுக்கும் நடுவில்கூடப் பனி புகுந்திருந்தது. அவள் முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தது.

"நீங்க ஏன் அப்படி சொன்னீங்க?"

"எது?"

"அவங்ககிட்ட. எனக்காக."

"தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நான் பார்த்தது இடப்பக்கம்தான் என்பதில் அப்போதும் எனக்குச் சந்தேகமில்லை.

5

அவரைக் கண்டுபிடித்தார்கள். மறுகோடியில், இரண்டு கரைகளும் சேரும் ஓடையருகே, ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். இளைஞர்கள் இடப்பக்கமிருந்தும் தலைமைக் காவலர் வலப்பக்கமிருந்தும் ஏறக்குறைய ஒன்றாகவே போய்ச் சேர்ந்தார்கள். அடி எதுவும் படவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தார்.

(இந்தக் காலணிகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நனைந்த காலணியை யாரானாலும் கழற்றுவார்கள். ஆனால் ஜோடியாக, மூக்கு தண்ணீரைப் பார்த்தபடி. இந்த வரியை மூன்று முறை அடித்தேன், மூன்று முறை திரும்ப எழுதினேன். நடந்தது நடந்ததுதான்.)

மரவீட்டுக்குக் கொண்டுவந்து, போர்வை சுற்றி, கையில் சூடான தேநீரைக் கொடுத்தபின் தலைமைக் காவலர் கேட்டார்: "எந்தப் பக்கமா சார் போனீங்க?"

"வலது பக்கமா" என்று அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். காலையில் நாங்கள் எழுவதற்குள் அவரை ஒரு காவலர் துணையோடு கீழே அனுப்பியிருந்தார்கள். நாங்கள் இறங்கும்போது என் மனைவி எங்கள் தொலைபேசி எண்ணைத் தலைமைக் காவலரிடம் கொடுத்து, "அவர் கேட்டா குடுங்க" என்றாள். அவர் ஏன் கேட்கப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் அவளிடம் கேட்கவும் இல்லை.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் எழுதுகிறவனுக்கு ஆள் கிடைத்தால் போதாது, முடிவும் கிடைக்க வேண்டும். சிலவற்றைத் தைத்துப் பார்த்தேன்.

முதலாவதில், ஏரியில் இரண்டு தொப்பிக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் இடப்பக்கம் போனார், இன்னொருவர் வலப்பக்கம் போனார், திரும்பி வந்தவர் ஒருவர் மட்டும். எழுதும்போது எனக்கே முதுகு சில்லிட்டது. மறுநாள் படித்தபோது, போர்வைக்குள் நடுங்கிய அந்த மனிதர் என்னைப் பார்த்து "நான் என்ன பேயா சார்?" என்று கேட்பது போலிருந்தது. கிழித்தேன்.

இரண்டாவதில், அவர் ஏரியை முழுதாகச் சுற்றி வந்திருந்தார். ஆகவே இருவரும் பார்த்தது சரி. மிக அழகாக உட்கார்ந்தது. ஆனால் நாங்கள் பார்த்தது அவர் கிளம்பிய அந்த ஒரு கணத்தை. ஒரே கணத்தில் ஒருவர் இரண்டு கரையில் நடக்க முடியாது.

மூன்றாவதில், கணவன் தன் பிழையை உணர்ந்து மனைவி சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்கிறான். இதை மட்டும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடைசிவரை படித்தாள்.

"எனக்கு ஆறுதல் பரிசு குடுக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

7

தாள்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முதல் தாளுக்குப் போனாள்.

"அவர் கிளம்பும்போது என்ன சொன்னார்னு எழுதியிருக்கீங்க?"

"'வரேன் சார்'னு சொன்னார்."

"அவர் அப்படிச் சொல்லல."

"பின்ன?"

"'போறேன்'னார்."

வாசலைத் தாண்டும்போது 'போறேன்' என்று சொன்ன குழந்தையை நிறுத்தி, 'போய்ட்டு வரேன்னு சொல்லு' என்று திருத்தாத வீடு எது? வளர்ந்த மனிதர் ஒருவர் நா தவறியும் சொல்லாத சொல் அது.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"பக்கமே ஒத்துப்போகல. இதையும் சேர்த்தா யார் நம்புவாங்க?" சற்று நேரம் தாளின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "அதுவும் இல்ல. வாயைத் திறந்து சொல்லிட்டா அது உண்மையாயிடுமோன்னு இருந்தது. அந்தக் கயிறு. அது பக்கத்துல அவர் ஒரு நிமிஷம் நின்னார். அப்புறம் காலைத் தூக்கி வெச்சார்."

இரண்டு மாதமாக நாங்கள் திசையைப் பற்றிச் சண்டை போடுவதாக நினைத்திருந்தேன்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் இடதுன்னு அடிச்சுச் சொல்வீங்க இல்ல?" என்றாள். "ஒரு தடவையாவது அதை நம்பிடணும்னுதான் திரும்பத் திரும்ப ஆரம்பிச்சேன். நம்ப வரமாட்டேங்குது."

அன்று பாத்திரம் தேய்க்கும்போது ஆரம்பித்தது நான்தான். அதைச் சொல்லவில்லை.

8

இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தேன். ஒரு வாரம் தாள்களைத் தொடவில்லை. பிறகு அவர் கூப்பிட்டார்.

விடுமுறை நாள், மதியம். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான்தாங்க, அந்த ஏரியில…" என்ற குரலைக் கேட்டதும் கைபேசியை மேசையில் வைத்து, அவளுக்கும் கேட்கும்படி செய்தேன். நன்றி சொன்னார். உடம்பு பரவாயில்லை என்றார். மகளோடு இருப்பதாகச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு கேக்கணும் சார். தப்பா நினைக்காதீங்க. நான் எந்தப் பக்கம் போனேன்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீங்க படம் எடுத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் பனிக்குள்ள ஒரு மணிச்சத்தம். அதைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துட்டேன். நடுவுல ஒண்ணுமே இல்ல, துடைச்சு விட்ட மாதிரி. அன்னைக்குக் காவலர் கேட்டப்ப வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தச் சமயத்துல எனக்கு மனசு சரியில்ல, அது வேற கதை. அங்க எதுக்கு வந்தேன்னே எனக்குச் சரியா சொல்லத் தெரியல. என் பொண்ணு தினமும் கேக்குறா. 'அப்பா, நீங்க வழி தவறித்தானே போனீங்க, இல்ல…'ன்னு. பாதியிலயே நிறுத்திடுறா. அங்க ஒரு கயிறு இருந்ததாமே? அதை நான் தாண்டினேனா? நீங்கதானே என்னைக் கடைசியா பார்த்தவங்க."

எனக்கு 'இடது' என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. நான் பார்த்த உண்மை அது. சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவள் பார்த்த உண்மையை வைத்துக்கொண்டு என்னுடையதை எடுத்து நீட்டக் கை வரவில்லை.

என் மனைவி மேசையருகே வந்து குனிந்தாள். அவள் சொல்லப்போவது எதுவாக இருந்தாலும் அதற்குத் தயாராக நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் அப்ப ஷூவுல கல்லு எடுத்துட்டிருந்தேங்க" என்றாள். "நீங்க நேர்ல வாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. எதுவா இருந்தாலும் உட்கார்ந்து பேசலாம்."

எதிர்முனையிலிருந்து, "வர்றோம். அவளே உங்ககிட்டக் கேக்கணும்னுதான் சொல்லிட்டிருக்கா" என்றார்.

9

இன்று வருகிறார்கள்.

காலையிலிருந்து வீட்டைக் கூட்டியாகிவிட்டது. என் மனைவி சட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னாள், மாற்றிக்கொண்டேன். இன்னும் நேரமிருக்கிறதே என்று இந்தத் தாள்களோடு உட்கார்ந்தேன். அவர்கள் வருவதற்குள் ஒரு முடிவை எழுதிவிட்டால் அதையே சொல்லிவிடலாம் என்று ஓர் ஆசை.

அவர் இடப்பக்கம்தான் போனார் அம்மா. நாங்கள் இருவரும்

இல்லை.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கே

இதுவும் இல்லை.

சமையலறைக்குப் போய், "நீ என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தாத்தான் தெரியும்."

"ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்ல வேணாமா?"

"எதை?" என்றாள். கேலியாக அல்ல. உண்மையாகவே என்னிடமிருந்து தெரிந்துகொள்ள விரும்பினாள்.

கீழே வெளிக்கதவு திறந்து மூடும் சத்தம். படியேறுகிறார்கள். இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று நிதானமாக, ஒவ்வொரு படியாக ஏறுகிறது. மற்றது வேகமானது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று முதலாவது வந்து சேரும்வரை காத்திருக்கிறது. அவர் எங்கே, எங்கே என்று பார்த்துக்கொண்டே ஏறுகிற கால்.

"என்னங்க, எழுதினது போதும். கதவைத் திறங்க."

நான் எழுந்து போகிறேன். இதுவரை கூட வந்தவர் நீங்கள். நான் பார்த்ததும் அவள் பார்த்ததும் அப்படியே உங்களிடம் இருக்கிறது, எங்கள் இருவரையும்விட உங்களுக்குக் கூடுதலாகத் தெரியும். அந்தப் பெண் உள்ளே வருவாள், தண்ணீர் வேண்டாம் என்பாள், அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைப்பாள், பிறகு கேட்பாள். அவள் உங்களைப் பார்த்துக் கேட்டால்